கேட்டவன் வாங்கவில்லை! வாங்கியவன் கேட்கவில்லை!

"மரத்துப்பாக்கியன்றி வேறு துப்பாக்கி கண்டறியாத நாடகக்காரர், கல்லூரிப் படிப்பையும் முடிக்காதவர், படைக்கலம் பற்றியெல்லாம் மேடையேறிப் பேசுகிறார்; கூடியிருப்போரும் கைதட்டுகின்றனர்; காலத்தின் கோலம்!" என்று மாற்று முகாமின் ஏடொன்று சென்ற வாரம் எழுதி, என்னை எள்ளி நகையாடியிருக்கிறது.

கோபம் வரவில்லை, தோழர்களே! எழுதியதிலே இரண்டு உண்மைகள் இருக்கின்றன. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான், மறைத்ததில்லை. என் நாடகக் குழுவின் துப்பாக்கி மரத்தாலானது, கருப்புச் சாயம் பூசப்பட்டது, மறுத்ததில்லை. ஆனால், அந்த மரத்துப்பாக்கிதான் என்னை இந்த வழக்குக்கே இழுத்து வந்தது என்பதை ஏட்டார் அறியார். அறிந்திருந்தால் இன்னும் நாலு பத்தி ஏளனம் எழுதியிருப்பர். அந்த வாய்ப்பையும் அவர்களுக்கு அளித்திட எண்ணி, நடந்ததைக் கூறுகிறேன்.

வேலூர் வட்டாரத்திலே ஒரு சிற்றூர். வீட்டுக்கு ஒருவர் படையிலே பணிபுரிந்த ஊர். அங்கே எங்கள் நாடகம். எல்லைக் காவல் வீரனைப் பகைவர் சூழ்ந்துகொள்ளும் காட்சி. தோட்டா தீர்ந்துபோகும். வீரன் கைத்துப்பாக்கியின் பொத்தானை அழுத்துவான். காலியான தோட்டாக்கூடு 'டக்'கெனத் தரையிலே விழும். புதுக் கூட்டைச் செருகியபடியே வசனம் முழங்குவான். படைவீரர்கள் 'மேகசின்' என்று அழைப்பதைத்தான் தோட்டாக்கூடு என்கிறேன்; கைப்பிடிக்குள்ளே செருகப்படும், தோட்டாக்களை அடுக்கி வைத்த சிறு இரும்புப் பெட்டி. அது விழும் இடத்திலே கைதட்டல் எழும். அன்றும் எழுந்தது.

நாடகம் முடிந்தபின், ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், நரைத்த மீசை, நிமிர்ந்த நடை, ஒப்பனை அறைக்கு வந்தார். "தம்பி, நாடகம் நன்றாக இருந்தது. ஆனால், உங்கள் துப்பாக்கி மட்டும் பொய் சொல்லுகிறது" என்றார்.

"என்ன பொய், ஐயா?" என்றேன்.

"பொத்தானை அழுத்தியவுடன் கூடு விழுகிறதே, அந்தப் பொய். நான் இத்தனை ஆண்டுகள் இடுப்பிலே கட்டியிருந்த துப்பாக்கியில் அப்படி விழாது. பொத்தானை அழுத்தினால் அரை விரற்கடை இறங்கும், நின்றுவிடும். இடக்கையால் பிடித்து உருவ வேண்டும்."

"பழுதா?"

சிரித்தார். "பழுது என்றால் பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்திருப்போமே! பழுதில்லை தம்பி. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

மரத்துப்பாக்கியை வாங்கி, எப்படி உருவ வேண்டுமென்று செய்து காட்டினார். பிறகு, நான் கேளாமலே, இடக்கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, "இந்தக் கையிலே குண்டு பாய்ந்திருந்தால் என்ன செய்வது?" என்று கேட்டு, துப்பாக்கியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, வலக்கையாலேயே கூட்டைப் பறித்தெடுத்துக் காட்டினார். எழுபது வயது கடந்தவர்; மூச்சு வாங்கியது. ஒப்பனை அறையிலே, மின்விளக்கின் கீழே, எதிரே பகைவன் எவனும் இல்லாதபோதே அவ்வளவு நேரம் பிடித்தது.

பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்! இந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. யார் அப்படிச் செய்தவர்? எவர் கேட்டு அப்படிச் செய்தார்? தேடினேன். தேடிக் கண்டதைத்தான் மேடையிலே கூறினேன். இப்போது ஏட்டிலே தருகிறேன்.

ஜான் மோசஸ் பிரௌனிங் என்றோர் அமெரிக்கர். யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரிலே 1855-இல் பிறந்தவர். தந்தை துப்பாக்கி செய்யும் கைவினைஞர். மகன் தந்தையின் பட்டறையிலே தொழில் பயின்றவர். பொறியியல் கல்லூரியின் படிக்கட்டை மிதித்தவரல்லர். (ஏட்டார் குறித்துக் கொள்க!) அவருடைய மூளையில் உதித்த கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911-இல் ஏற்றுக்கொண்டது. ஏற்பதற்கு முன் அதை 6,000 முறை சுட்டுப் பார்த்தனர், ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அந்தத் துப்பாக்கியிலே கட்டைவிரலருகே ஒரு பொத்தான். அழுத்தினால் கூடு தானே கீழே விழும். அதிலுள்ள கட்டைவிரல் காப்பு எப்படி வந்தது தெரியுமா? குதிரைப்படையினர் கேட்டனர். ஒரு கையிலே கடிவாளம், மறு கையிலே துப்பாக்கி, கீழே துள்ளும் குதிரை. தோட்டா நிறைந்த துப்பாக்கியை அந்த நிலையிலே உறையில் இடுபவனுக்கு என்ன தேவை என்பது அவனுக்குத்தான் தெரியும். கேட்டான், கிடைத்தது.

இனிக் கடல் கடந்து வருவோம். முதல் உலகப் போர் முடிந்தது. பிரெஞ்சு நாட்டுப் போர் அமைச்சகம் புதுக் கைத்துப்பாக்கி வேண்டுமென்று விரும்பியது. நிபந்தனைப் பட்டியல் ஒன்றும் தீட்டியது. கூட்டிலே குறைந்தது 10 தோட்டா இருக்க வேண்டும். 50 மீட்டரில் ஆளை வீழ்த்த வேண்டும். எளிதிலே பிரித்துப் பூட்ட வேண்டும். எல்லாம் சரி. இவற்றோடு இன்னொன்று: கூட்டை வெளியே எடுத்துவிட்டால் துப்பாக்கி சுடக்கூடாது, விசையை இழுத்தாலும் வெடிக்கக்கூடாது.

பெல்ஜியம் நாட்டின் எர்ஸ்டால் ஊரிலுள்ள எஃப்.என். தொழிற்சாலை இந்தப் பணியை ஏற்றது. பிரௌனிங் அதற்காக வரைந்தார்; 1923-இல் காப்புரிமை கோரினார்; பணி முடிவதற்கு முன்பே, 1926 நவம்பரில், பெல்ஜியத்துத் தொழிற்சாலையிலேயே மாரடைப்பால் மாண்டார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தவர் தியுதோனே சேவ் என்னும் பெல்ஜியர். ஒரே வரிசையாக அடுக்கிவந்த தோட்டாக்களை இரட்டை வரிசையாக்கி, கூட்டிலே 13 தோட்டாக்களை அடக்கிய வித்தகர். பின்னாளில் எஃப்.ஏ.எல். என்னும் நெடுந்துப்பாக்கியை ஆக்கியவரும் இவரே. நம் படைவீரர்கள் பல்லாண்டுகள் தோளிலே சுமந்தார்களே எஸ்.எல்.ஆர்., அதற்கு மூலம் அதுதான். 1935-இல் இவர் முடித்துக் கொடுத்த கைத்துப்பாக்கிக்கு உலகம் சூட்டிய பெயர் 'ஹை பவர்'. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகளிலே பயன்பட்ட துப்பாக்கி.

பிரெஞ்சுக்காரர் கேட்ட அந்த நிபந்தனையைச் சேவ் எப்படி நிறைவேற்றினார்? விசையோடு இணைந்து சிறு முளையொன்று. அதன் பின்னே சுருள்வில். கூடு உள்ளே இருக்கும்போது அதன் முன்முகம் முளையைத் தள்ளி வைத்திருக்கும். விசை வேலை செய்யும். கூடு வெளியே வந்தால் முளை முன்னே பாயும், விசை தொடர்பறும், துப்பாக்கி ஊமையாகும். நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் பாருங்கள், சுருள்வில்லின் விசையோடு ஒரு முளை, கூட்டின் முகத்தை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் உராயும். உராய்ந்தால் பிடிக்கும். பொத்தானை அழுத்திப் பூட்டை விடுவித்தாலும், இந்த முளை கூட்டைப் போகவிடாது! வீட்டுக்காரன் 'போய் வா' என்று கதவைத் திறந்த பிறகும், வாயிற்காவலன் கையைப் பிடித்து நிறுத்துவதுபோல. தேர்தலிலே மக்கள் பொத்தானை அழுத்தி விடை கொடுத்த பிறகும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோரை நாம் கண்டதுண்டு; அது வேறு கட்டுரைக்கு ஆகட்டும்.

அதோடு முடிந்ததா? விசையை இழுக்கும்போதெல்லாம் அந்த முளை கூட்டின் முகத்திலே உரசிக்கொண்டே நகர வேண்டும், விரலுக்குக் கரகரப்பு, குறிக்கு நடுக்கம். சுபேதாரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "மணலிலே விரலை இழுப்பது போலிருக்கும்" என்றார்.

போகட்டும், கேட்டவர்களாவது வாங்கினார்களா? அங்கேதான் வேடிக்கை! பிரெஞ்சுப் படை இந்தத் துப்பாக்கியை ஏற்கவேயில்லை. மாறாக, பெத்தே என்பவர் வடிவமைத்த '1935 ஏ' என்னும் வேறொரு கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. அதன் கூட்டிலே எத்தனை தோட்டா? எட்டு! பத்துக்குக் குறையாமல் வேண்டுமென்று பட்டியல் தீட்டியவர், எட்டோடு அமைதியடைந்தார். பட்டியலைக் காற்றிலே விட்டார். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து பிறந்த முளையோ, பெல்ஜியத்தானின் இடுப்பிலே ஏறிற்று. 1940-இல் பெல்ஜியத்தை விழுங்கிய ஜெர்மானியன் அதே ஆலையை ஓட்டினான், அவன் இடுப்பிலே ஏறிற்று. சேவ் தப்பி இங்கிலாந்து சென்றார், வரைபடம் கனடாவின் டொராண்டோ நகருக்குப் போயிற்று, அங்கே ஜான் இங்கிலிஸ் நிறுவனம் 1944 முதல் சீனப் படைக்காகச் செய்தது, சீனன் இடுப்பிலே ஏறிற்று. 1954-க்குப் பின் பிரிட்டானியன் இடுப்பிலே. 1982 பாக்லாந்துப் போரிலே எதிரெதிரே நின்ற பிரிட்டானியன், அர்ஜென்டினன் இருவர் இடுப்பிலும்! கேட்டவன் வாங்கவில்லை. வாங்கியவன் எவனும் கேட்கவில்லை. கேளாதவன் அத்தனை பேரும் சுமந்தனர்.

கனடா நாட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது. 1944, 45-இல் செய்த துப்பாக்கிகளை வைத்துக்கொண்டே அந்நாட்டுப் படை காலம் தள்ளியது; மாற்றுக்கு ஒப்பந்தம் போட்டது 2022-இல். தாத்தனின் துப்பாக்கியைப் பேரன் ஏந்தினான்! பிரிட்டன் 2013-இல் விடை கொடுத்தது. 25,000-க்கும் மேற்பட்ட கிளாக் துப்பாக்கிகளை வாங்கிற்று.

நம் நாடு? அதே இங்கிலிஸ் வடிவத்தை ஒட்டித்தான், வங்கத்து இசாப்பூரிலுள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையிலே, 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ' செய்யப்பட்டது. இங்கே ஒன்றை அழுத்தந்திருத்தமாகக் கூறிவிட வேண்டும். இப்படி ஒரு பேச்சு எழுந்தவுடன், அரசு ஆலைகளை அந்நியனுக்கும் செல்வனுக்கும் தாரை வார்த்திடத் துடித்துக்கொண்டிருக்கும் கூட்டம், "பார்த்தீர்களா, அரசுத் தொழிலாளியின் இலட்சணத்தை!" என்று ஆர்ப்பரித்துக் கிளம்பும். கடைசலிலே நின்று, இரும்புத்தூள் கண்ணிலே படப் பாடுபட்ட தொழிலாளி என்ன பிழை செய்தான்? வரைபடத்திலே முளை இருந்தது, முளையைச் செய்தான். வரைபடப்படி செய்வதே அவன் கடமை. மாற்றியிருந்தால் அது குற்றம். எர்ஸ்டாலிலே செய்தவன் தனியார் ஆலைக்காரன். டொராண்டோவிலே செய்தவனும் தனியார் ஆலைக்காரன். அவர்கள் செய்த துப்பாக்கியிலும் கூடு விழவில்லையே! குறை கையிலே இல்லை, கருத்திலே. கருத்தைத் தந்தவர் கையொப்பமிட்டவர், கடைசலிலே நின்றவரல்லர்.

இனி மாற்றாரின் வாதத்துக்கு வருவோம். வாதமே இல்லையென்று நான் கூறவில்லை. கூட்டை உருவியவுடன் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணிவிடுவான் ஒருவன். குழலுக்குள்ளே ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருப்பதை மறப்பான். விளையாட்டாக விசையை இழுப்பான். எதிரே நிற்பவன் தோழன், மாண்டுபோவான். இப்படி உயிர்கள் போனதுண்டு, போவதும் உண்டு. அதைத் தடுக்கத்தானே முளை என்கின்றனர். நல்ல நோக்கம்தான்.

ஆனால், துப்பாக்கி காலியா என்பதை அறிய ஒரே வழி, குழலைத் திறந்து கண்ணால் பார்ப்பது. பயிற்சியின் முதல் நாளிலே கற்பிப்பது அது. முளை என்ன செய்கிறது? சுத்தியல் ஏறி நிற்கும் இந்தத் துப்பாக்கியின் விசையைத் தளர்த்தி இறக்கி வைக்க வேண்டுமானால், கூடு உள்ளே இல்லாமல் முடியாது. குழலைப் பார்த்தாயிற்று, காலி என்று உறுதி செய்தாயிற்று; இனி என்ன? எடுத்த கூட்டை மறுபடி செருகு, விசையை இழு, பிறகு மறுபடி உருவு! தோட்டாப் பெட்டியை வெளியே எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு என்று தொடங்கிய ஏற்பாடு, பாதுகாப்பை முடிப்பதற்கே பெட்டியை உள்ளே செருகு என்கிறது. களைத்துப்போனவன், இருட்டிலே, காலிக் கூட்டுக்குப் பதிலாக நிறைந்த கூட்டைச் செருகினால்? பட்டியல் தீட்டியவர் அதையும் யோசித்திருக்கலாம். மேசைமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யோசிக்கவில்லை.

இன்னொரு வாதம் உண்டு. ஐரோப்பியப் படைகள் பலவற்றின் நெடுநாள் வழக்கம் அது. கூடு அரசுச் சொத்து. கீழே விழுந்தால் சேற்றிலே தொலையும், நசுங்கும். ஆகவே விழாமலிருப்பதே நலம். ஜெர்மானியரின் வால்தர் பி-38, சோவியத்தின் மக்கரோவ் ஆகியவற்றிலே கைப்பிடியின் அடிப்புறத்திலே கொக்கி; இரு கையாலும் எடுத்தாக வேண்டும். பண்டகசாலைக் கணக்கருக்கு மன நிறைவு. கொடுத்த கூடுகளின் எண்ணிக்கையும் திரும்பி வந்த கூடுகளின் எண்ணிக்கையும் பேரேட்டிலே பொருந்தும். கணக்கரை நான் பழிக்கவில்லை; கணக்கில்லாமல் படையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். விழும் கூட்டை, வேண்டுமானால் கையிலே தாங்கிப் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்; நேரம் இருப்பவன் அப்படிச் செய்யட்டும். விழாத கூட்டை, விழ வேண்டிய கணத்திலே, எவன் விழ வைப்பான்? முன்னது வீரனிடம் தேர்வுரிமையைத் தருகிறது; பின்னது பறிக்கிறது. பேரேட்டுக்காக ஓர் ஆளின் கையைக் கட்டுவதா?

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் காட்டுகிறேன். ஆஸ்திரிய நாட்டிலே காஸ்டன் கிளாக் என்பவர். திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்து விற்றவர்; துப்பாக்கி செய்தறியாதவர். அந்நாட்டுப் படை புதுக் கைத்துப்பாக்கி தேடியபோது, படையினர், காவலர், துப்பாக்கி வல்லவர் எனப் பலரை அழைத்து, 'உங்கள் கைக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார். 1982-இல் ஆஸ்திரியப் படை அவருடைய துப்பாக்கியை ஏற்றது. அதன் முதற் கூடுகள் நெகிழிப் பொருளாலானவை. உட்புறம் முழுதும் இரும்புத் தகடு கிடையாது. தோட்டா நிறைத்தால் சற்றே புடைக்கும். ஆகவே பொத்தானை அழுத்தினாலும் தானே விழா. ஐரோப்பியன் அதைக் குறையென்று கூறவில்லை. அவன் வழக்கம் அது. துப்பாக்கி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே காவலர், 'விழ வேண்டும்' என்றனர். உட்புறம் முழுதும் தகடு வைத்த கூடுகள் வந்தன, விழுந்தன. பார்த்தீர்களா? அங்கே எந்தச் சட்டமும் மாறவில்லை. எந்த மேதையும் பிறக்கவில்லை. சுமப்பவன் வாய் திறந்தான், செய்பவன் செவி கொடுத்தான்.

அதே அமெரிக்காவிலே வேறு சில காவலர், கூடு வெளியே வந்தால் சுடாத துப்பாக்கியையே விரும்பியதும் உண்டு. குற்றவாளி துப்பாக்கியைப் பறிக்கப் போராடும்போது, பொத்தானை அழுத்திக் கூட்டைத் தள்ளிவிட்டால், பறித்தவன் கையிலே அது வெறும் இரும்பு. அந்தக் காவலன் அதை விரும்புகிறானா? கொடு! அவன் உயிர், அவன் கை, அவன் தேர்வு. முளையோடு எனக்குப் பகையில்லை, தோழர்களே. எவனையும் கேளாமல் எல்லோர் இடுப்பிலும் ஏற்றப்பட்டதே, அதோடுதான் பகை.

இது ஒரு துப்பாக்கியோடு, ஒரு நாட்டோடு நிற்பதா? பிரிட்டன் 1985-இல் தன் படைக்கு எஸ்.ஏ.80 என்னும் நெடுந்துப்பாக்கியைத் தந்தது. அதிலே கூட்டை விடுவிக்கும் பொத்தான் இடப்புறம் துருத்திக்கொண்டிருந்தது. வீரன் நடக்கும்போது அவன் உடம்பிலே, கச்சையிலே பட்டால் பொத்தான் தானே அழுந்தும். கூடு தானே விழும்! ஒன்று, விழு என்றால் விழாதது. மற்றொன்று, விழாதே என்றாலும் விழுவது. துருத்திய பொத்தானைச் சுற்றி வேலி கட்டினார்கள் பின்னர். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வரைந்தவர் நடந்திருந்தால் அந்த வேலி முதல் நாளே வந்திருக்கும். 1991 வளைகுடாப் போரிலே குறைகள் மேலும் வெளிப்பட்டன. கடைசியில் சுமார் 2 இலட்சம் துப்பாக்கிகளைத் திருத்தும் பணியை ஹெக்லர் அண்ட் கோச் நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். 9 கோடிப் பவுனுக்கும் மேல் செலவு.

வியட்நாமிலே நடந்தது இதனினும் கொடிது. எம்-16 துப்பாக்கி சிக்கிக்கொண்டு, அதைப் பிரித்து வைத்தபடியே மாண்டுகிடந்தனர் அமெரிக்க இளைஞர். மேலிடம் என்ன கூறிற்று? வீரன் துப்பாக்கியைத் துடைக்கவில்லை என்று! துடைக்கும் கருவியையே போதுமான அளவு கொடுக்கவில்லை. தோட்டாவின் வெடிமருந்தைப் போதிய சோதனையின்றி மாற்றியவர் மேலிடத்தார். 1967-இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் அமெரிக்கக் காங்கிரசின் குழு ஆராய்ந்து, அதிகாரிகளின் மெத்தனம் குற்றத்தின் எல்லையைத் தொடுகிறது என்று எழுதிற்று. எவன் மகன் மாண்டானோ அவனுக்கு அந்த அறிக்கை எட்டியதோ இல்லையோ!

நம் வீட்டுக் கதை வேறா? 1999 கார்கில் குளிரிலே இன்சாஸ் துப்பாக்கியின் நெகிழிக் கூடுகள் வெடித்துப் பிளந்தன என்று நாடே பேசிற்று. பனிமலையிலே பயன்படும் என்று தெரியாதா? இமயம் புதிதாக முளைத்ததா? 2005-இல் நேபாளத்துக் காலிகோட்டிலே 43 வீரர்கள் மாண்டபோது, அதே துப்பாக்கியின்மீது நேபாளப் படை குறை கூறிற்று; பயன்படுத்திய முறை சரியில்லை என்பது நம் தரப்பின் மறுமொழி. எந்தத் தரப்பிலே எவ்வளவு உண்மை என்பதை வல்லுநர் அளக்கட்டும். நான் கவனிக்கச் சொல்வது மறுமொழியின் அச்சை! வியட்நாமிலே வார்த்த அதே அச்சு. கருவி சரி, கைதான் தவறு!

2011-இல் நம் படைக்கு ஒரு நெடுந்துப்பாக்கி கேட்டு உலக நிறுவனங்களை அழைத்தனர். ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் இருவகைத் தோட்டாவையும் சுட வேண்டுமென்பது நிபந்தனை. எந்தத் துப்பாக்கியும் தேறவில்லை. 2015-இல் அழைப்பையே கைவிட்டனர். நான்கு ஆண்டு வீண். அந்த ஆண்டிலே பாதுகாப்பு அமைச்சராயிருந்த மனோகர் பாரிக்கரே, இத்தகைய நிபந்தனைகள் சில அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தவைபோல் இருப்பதாகக் கூறினார். நம் கட்சிக்காரரல்லர் அவர். நம் மேடையிலே பேசியதுமல்ல. 2019-இல் 72,400 சிக் துப்பாக்கிகளை அமெரிக்காவிலிருந்து அவசரமாக வாங்க வேண்டி வந்தது.

ஆகவே நான் மேடையிலே கேட்டதை இங்கும் கேட்கிறேன். படைக்கோ காவல் துறைக்கோ ஒரு கருவி வாங்குமுன், அதைச் சுமக்கப் போகும் சிப்பாயும் ஏட்டும் அதைச் சேற்றிலே, மணலிலே, இருட்டிலே, ஒற்றைக் கையாலே சோதிக்கட்டும். அவர்கள் தம் தாய்மொழியிலே, தம் பெயர் வெளிவராத பாதுகாப்போடு, குறையை எழுதட்டும். அந்தக் குறிப்பு நிபந்தனைப் பட்டியலோடு சேர்ந்தே கையொப்பத்துக்குப் போகட்டும். குறிப்புக்கு மாறாக முடிவு செய்கிறவர், ஏன் மாறாகச் செய்தோம் என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே தம் பெயரையும் எழுதட்டும். படை இரகசியம் என்பீரேல், நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவிடமாவது வைக்கட்டும். இதிலே எந்தச் சொல் நாட்டுக்குக் கேடு? எந்தச் சொல் நாடகக்காரன் கூறக்கூடாதது?

வல்லுநர் பேசட்டும், மற்றவர் வாய் மூடட்டும் என்கிறது ஏடு. முளையை வைக்கச் சொன்னவர் வல்லுநர். எண்பது ஆண்டுக்கு மேல் அதை எடுக்காமலிருந்தவர் வல்லுநர். 2021-இல் ஸ்பிரிங்பீல்டு என்னும் அமெரிக்க நிறுவனம் அதே ஹை பவரைப் புதிதாகச் செய்தது. முதல் வேலையாக முளையை எடுத்தெறிந்தது. 2022-இல், பெற்ற தாயாகிய எஃப்.என். நிறுவனமே புது வடிவம் வெளியிட்டது. அதிலும் முளை இல்லை. கூடு விழுகிறது! இப்போது முளையை எடுத்தவரும் வல்லுநர்தாம். இடையிலே, கேட்பாரற்றுச் சுமந்து, முழங்காலிடையே இடுக்கி உருவக் கற்றுக்கொண்ட அந்தச் சுபேதாருக்கு மட்டும் வல்லுநர் என்ற பட்டத்தை எவரும் சூட்டவில்லை.

சென்ற மாதம் அவருக்குக் கடிதம் எழுதினேன். நாடகத்திலே அந்தக் காட்சியைத் திருத்திவிட்டதாகக் கூறி, வந்து ஒருமுறை பார்த்துத் தவறிருந்தால் சொல்லுங்கள் என்று அழைத்தேன். வந்தார், ஒத்திகை பார்த்தார். நடிகரின் இடக்கை விரல்கள் கூட்டைப் பற்றும் இடத்தை இரண்டு முறை திருத்தினார். இனி அந்தக் காட்சியிலே பொத்தானை அழுத்தினால் கூடு விழாது. வீரன் அதை உருவி எடுக்கும்வரை வசனமும் கிடையாது. அவன் பெருமூச்சு ஒன்றுதான் அரங்கிலே கேட்கும். வரும் சனிக்கிழமை ஆம்பூரிலே நாடகம். ஏட்டாருக்கு முன்வரிசையிலே இரண்டு இருக்கை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சுபேதார் ஐயாவுக்குப் பக்கத்து இருக்கைகள்.